டேஷ்போர்டுக்குப் பின்னாலிருந்த தகடு

எனக்குச் சந்தேகம் கொஞ்சம் அதிகம். கடையில் மாவு வாங்கினால் தராசுத் தட்டைத் தூக்கி அடியில் ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பேன். பஸ்ஸில் ஏறினால் டிரைவர் கண்ணைப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவேன். தேயிலை ஸ்டோர் என்று நாங்கள் சொல்லும் ஆலையில் நான் எஞ்சின் ஃபிட்டர். ஓடும் பெல்ட்டை நம்பாதவனுக்கு விரல்கள் மிஞ்சும், எனக்குப் பத்தும் மிஞ்சின. அதனால் அந்தக் குணத்தை நான் ஒரு குறையாகவே நினைத்ததில்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் பிற்பாதியில் ஒரு பழைய காரின் டேஷ்போர்டைக் கழற்றும்வரை அப்படித்தான் இருந்தேன்.

இலங்கை மலைநாட்டில், பதுளையிலிருந்து பசறை போகும் ரோட்டில் பாதி வழியில் இறங்கி, மேலே ஏறினால் எங்கள் தோட்டம். அம்மாவும் அப்பாவும் போய்ச்சேர்ந்துவிட்டார்கள். லயம் என்கிற வரிசை வீட்டில், ஒற்றை அறைக் காம்பரா ஒன்றில் நானும் தங்கையும் மட்டும். அவள் கொழுந்து பறிக்கப் போவாள், நான் ஸ்டோருக்குப் போவேன். அவளுக்கு மூன்று இடத்திலிருந்து மாப்பிள்ளை வந்தது. மூன்றையும் தட்டிக் கழித்தாள். ஒருவனுக்குக் குடி, ஒருவனுக்கு வாய் நீளம். மூன்றாவது ஆளுக்கு ஒரு குறையும் இல்லை. "அதான் பிடிக்கல" என்றாள். இவளை எவன் தலையில் கட்டுவது என்று நான் திகைத்துப்போயிருந்த நேரத்தில், துரையின் பங்களா டிரைவர் ஆள் விட்டுப் பெண் கேட்டார். நான் விஷயத்தைச் சொல்லி வாய் மூடுவதற்குள் "சரி" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. மூன்று பேரைத் துருவித் துருவிக் குறை கண்டவள் நாலாவது ஆளுக்கு எப்படி எடுத்த எடுப்பில் தலையாட்டுகிறாள்?

டிரைவர் கொஸ்லந்தப் பக்கத்து ஆள். எங்கள் தோட்டத்துக்கு வந்து ஆறு வருஷம். குடி கிடையாது, அதிர்ந்து பேசமாட்டார். கிளட்சை மிதிப்பதுகூட யாருக்கோ தூக்கம் கலைந்துவிடும் என்பதுபோல மெதுவாகத்தான் மிதிப்பார். இப்படிப்பட்ட ஆளைக் கண்டால் ஊரில் உள்ளவர்கள் நல்லவர் என்பார்கள். எனக்கு, இவ்வளவு அமைதிக்குள் எதை மறைத்து வைத்திருக்கிறான் என்று தோன்றும். இப்போது அவரை 'அவர்' என்று எழுதுகிறேன். அன்றைக்கு என் மனசுக்குள் 'அவன்'தான்.

இருந்தாலும் மறுக்கக் காரணம் இல்லை. ஆவணியில் வெற்றிலை மாற்றினோம். பரிசமாக ஒரு சேலை கொண்டுவந்தார், கத்தரிப்பூ நிறம். தையில் கல்யாணம் என்று முடிவாயிற்று. தங்கை அந்தச் சேலையைத் தகரப் பெட்டியில் வைத்துவிட்டு, நான் பார்க்காத நேரம் எடுத்து எடுத்துப் பார்ப்பாள். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அந்தக் கார் விஷயத்துக்கு வருகிறேன். தோட்டத்தை நடத்திய பழைய வெள்ளைக்காரத் துரை கப்பலேறும்போது பங்களாக் கொட்டகையில் விட்டுப் போனது. கோழிகள் அடைந்து, கூரை ஒழுகி, பார்க்கச் சகிக்காது. புதிதாக வந்த இளந்துரைக்கு அதன்மேல் அப்படி ஒரு மோகம். வாங்கின நாளில் எப்படி இருந்ததோ அப்படியே ஆக்க வேண்டும் என்று டிரைவரையும் என்னையும் அதில் இறக்கிவிட்டார். ஸ்டோரில் வேலை ஓய்ந்த மத்தியானங்களில் நான் போவேன். எஞ்சின் முடிந்தது, பிரேக் முடிந்தது. மிச்சம் இருந்தது டேஷ்போர்ட். அது முழுக்கப் பலகை. ஒரு மூலையைக் கறையான் தின்றிருந்தது, மேல் தோல் உரிந்து சுருண்டிருந்தது. அதைக் கழற்றி, மீட்டர்களையெல்லாம் பிரித்து, பதுளையில் ஒரு தச்சரிடம் அதே அளவுக்கு முதிரைப் பலகையில் புதுசு செய்து வாங்கிப் பூட்ட வேண்டும்.

புரட்டாசியில் ஒரு நாள் காலை டிரைவர் அவசரமாக ஸ்டோருக்கு வந்தார். துரையைக் கூட்டிக்கொண்டு கொழும்புக்குப் போகிறாராம், எட்டு நாள் ஆகுமாம்.

"மச்சான், டேஷ்போர்டை மட்டும் நான் வர்ற வரைக்கும் தொடாதீங்க. நானும் இருக்கும்போது கழட்டுவோம்."

"ஏன், எனக்குக் கழட்டத் தெரியாதா?"

"ஐயோ, அதுக்குச் சொல்லலைங்க. அதுக்குப் பின்னால கொஞ்சம்..."

கீழே ரோட்டில் துரை ஹார்னை அழுத்தினார். டிரைவர் பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு ஓடினார்.

பின்னால் கொஞ்சம் என்ன? இரண்டு நாள் இதையே மென்றேன். நான் பார்க்கக்கூடாத எது அதற்குப் பின்னால் இருக்கிறது? மூன்றாம் நாள் மத்தியானம் ஸ்பேனர்களையும் ஸ்க்ரூ டிரைவர்களையும் எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போய்விட்டேன். தொடாதே என்று சொல்லப்பட்டதைத் தொடாமல் இருக்கிற புத்தி எனக்கு எங்கே இருந்தது?

வேலையை ஒழுங்காகத்தான் செய்தேன். முதலில் பேட்டரி ஒயரைக் கழற்றினேன். ஸ்டியரிங் சக்கரத்தை எடுத்தேன். சோக்குக் குமிழ், லைட் சுவிட்ச் எல்லாவற்றையும் திருகி எடுத்துத் தனித்தனியாகக் காகிதத்தில் மடித்தேன். அப்புறம் சீட்டைக் கழற்றி வெளியே போட்டுவிட்டு, மல்லாக்கப் படுத்துத் தலையை உள்ளே விட்டேன். ஒயர்களுக்குச் சுற்றியிருந்த துணி தொட்டால் உதிர்ந்தது. ஒவ்வொன்றிலும் தேயிலை பொதியும் தாளில் நம்பர் எழுதிக் கட்டினேன். ஸ்பீடோமீட்டர் கேபிளைக் கையாலேயே திருகி விடுவித்தேன். எண்ணெய் மீட்டரின் சின்னக் குழாய் நட்டைத் தளர்த்தியபோது பழைய எண்ணெய் சொட்டிக் காதுக்குள் போயிற்று. கடைசியாகப் பலகையைப் பிடித்திருந்த நான்கு பெரிய திருகாணிகள். மூன்று வந்தன. நாலாவது வரவில்லை. கோபத்தில் பலகையைப் பிடித்து ஓர் இழுப்பு இழுத்தேன்.

பலகை வந்தது. கூடவே எதுவோ சடக்கென்று விட்டுப்போய் என் நெஞ்சில் விழுந்தது.

வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து பார்த்தேன். செம்புத் தகடு. ஒரு சாண் நீளம், விரல் அகலம். நடுவில் கறுப்பு நூல் நெருக்கமாகச் சுற்றி, நூலின் மேலே சிவப்பாக அரக்கு உருக்கி விட்டிருந்தது. நூல் இல்லாத இடத்தில் கட்டம் கட்டமாகக் கோடு கீறி, கட்டத்துக்குள் எண்கள். அரக்கில் ஒட்டிக்கொண்டு நாலைந்து நீளமான முடி. கறுப்பு முடி, சுருட்டை.

என் தங்கைக்குச் சுருட்டை முடி.

தகட்டைக் கீழே போட்டுவிட்டுக் கையைச் சாக்கில் துடைத்தேன். கட்டம், எண், நூல், முடி, வேறென்ன வேண்டும்? அட பாவி, வசியம் பண்ணியிருக்கிறான்! அதனால்தான் எடுத்த எடுப்பில் 'சரி' என்றாள். அதனால்தான் தொடாதே என்றான். எல்லாம் ஒன்றோடொன்று அழகாகப் பொருந்தியது. இரண்டு முனையிலும் ஓட்டை இருந்ததைப் பார்த்தேன்தான். தாயத்து என்றால் கட்டுவதற்கு ஓட்டை இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொருந்தாததையும் அடித்துப் பொருத்துவதுதானே ஃபிட்டர் வேலை.

சாக்குத் துண்டில் சுற்றி மாரியம்மன் கோயில் பூசாரியிடம் கொண்டுபோனேன். அவர் தொடவில்லை, குனிந்து பார்த்தார்.

"எங்கேயிருந்து எடுத்த?"

சொன்னேன்.

"யாருக்கு வச்சதுன்னு உனக்குத் தோணுது?"

அவர் கேட்டது அவ்வளவுதான். பேரைச் சொன்னது நான். இதைப் பிற்காலத்தில் எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன். அந்த மனிதர்மேல் பழியைப் போட எவ்வளவோ முயன்றேன், முடியவில்லை. அவர் கேள்விதான் கேட்டார்.

இந்த மாதிரி ஒன்று அகப்பட்டால் அன்று பொழுது சாய்வதற்குள் ஓடுகிற தண்ணீரில் விட்டுவிட வேண்டும், வீட்டுக்குள் கொண்டுபோகக் கூடாது, வேறு யாரும் பார்க்கவும் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். மஞ்சள் தண்ணீரில் நனைத்து, எலுமிச்சம்பழம் அறுத்து, பூசணிக்காய் சுற்றி, தோட்டத்து எல்லையில் ஓடும் ஆற்றில் தூக்கி எறிந்தோம். திரும்பிப் பார்க்காமல் வந்தோம். தகடு போயிற்று. வேறு யாரும் பார்க்காவிட்டாலும் இருட்டுவதற்குள் ஐந்து லயத்துக்கும் செய்தி போய்விட்டது.

தங்கை கொழுந்தை எடை போட்டுக் கொடுத்துவிட்டு வந்தவள் வாசலிலேயே நின்றாள். வழியில் யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"என்னண்ணே சொல்றாங்க? தகடாம், வசியமாம்?"

"என் கையால எடுத்தேன். உன் முடி இருந்திச்சு அதுல."

"எங்க, காட்டு."

"ஆத்துல போட்டாச்சு."

"நான் பாக்கறதுக்கு முந்தியே?"

வழக்கம் அதுதான் என்று முணுமுணுத்தேன். ஒரு மண்டலம், அதாவது நாற்பத்தெட்டு நாள், மந்திரித்த தண்ணீர் குடித்துக் கயிறு கட்டினால் வசியம் இறங்கிவிடும் என்றும், முதல் ஏழு நாள் அந்த ஆளின் முகத்தில் முழிக்கக் கூடாது என்றும் பூசாரி சொன்னதைச் சொன்னேன். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. கூடையை இறக்கி வைத்துவிட்டு என் முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

"குடிக்கிறேன். கயிறும் கட்டிக்கிறேன். நாப்பத்தெட்டு நாளும் முடிஞ்ச பிறகு எனக்கு அவரையே பிடிச்சிருந்தா, நீ வாயத் தொறக்கக் கூடாது. சம்மதமா?"

சம்மதம் என்றேன். நாற்பத்தெட்டு நாளில் தெளிந்துவிடுவாள் என்று அவ்வளவு நம்பிக்கை.

கொழும்புக்குப் போன எட்டாம் நாள் டிரைவர் வந்து இறங்கினார். அவருக்கும் வழியிலேயே சேதி கிடைத்திருந்தது. லயத்து முனையில் அவரைக் கண்டதும் பிள்ளைகளை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினார்களாம். நேரே ஸ்டோருக்கு வந்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"என்ன தகடு மச்சான்? எனக்கு ஒண்ணும் புரியல. காட்டுங்க."

"ஆத்துல போட்டாச்சு."

"பாக்காமலே எப்படிங்க நான் பதில் சொல்றது?"

"பதில் வேண்டாம். எல்லாம் தெரிஞ்சுபோச்சு."

"சரி, உங்க தங்கச்சியை ஒரு தடவை பாக்கறேன். உங்க முன்னாலயே பேசறேன்."

இரண்டு தடவை கேட்டார், மூன்றாம் தடவையும் கேட்டார். ரோலரின் இரைச்சலில் எனக்கு எங்கிருந்தோ அந்த வார்த்தை வந்தது. "அவ உங்க மூஞ்சில முழிக்க விரும்பல. சேலையத் திருப்பிக் குடுத்துடச் சொல்லிட்டா."

அவள் அப்படி ஒரு வார்த்தை சொல்லவே இல்லை. அவள் கொழுந்துக்குப் போயிருந்த நேரத்தில் தகரப் பெட்டியைத் திறந்து சேலையை எடுத்து, நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் வாங்கிக்கொண்டார். சாயங்காலம் தங்கையிடம், "சேலையக் கேட்டு வாங்கிட்டுப் போயிட்டான். உன்னப் பத்தி ஒரு வார்த்தை கேக்கல" என்றேன். ஒரே நாளில் இரண்டு பொய். இரண்டுக்கும் நடுவில் ஒரு கோப்பைத் தேத்தண்ணீர்கூடக் குடித்தேன்.

இரண்டு நாளில் டிரைவர் வேலையை விட்டுவிட்டுப் பசறைக்குப் போய் பஸ் ஓட்டச் சேர்ந்துவிட்டார் என்று தெரிந்தது. நல்ல டிரைவர் போய்விட்டாரே என்று துரை எல்லோர்மேலும் எரிந்து விழுந்தார். எனக்குப் பெரிய காரியம் சாதித்த திருப்தி. பார்த்தாயா, குற்றமுள்ளவன் ஓடிவிட்டான்!

தங்கை தினமும் விடியும் முன் எழுந்து அந்தத் தண்ணீரைக் குடித்தாள். ஒரு நாள் தவறவில்லை. குடித்துவிட்டு டம்ளரைக் கவிழ்த்துக் காட்டுவாள். அவள் பேச்சு குறைந்துகொண்டே வந்தது. வசியம் இறங்குகிறது என்று நான் பூசாரியிடம் போய்ச் சொன்னேன்.

ஐப்பசி மழை முழுவதும் பதுளைத் தச்சரை நம்பாமல் வாரம் ஒருமுறை போய் முதிரைக்குப் பதில் வேறு மரம் வைத்துவிட்டாரா என்று நகத்தால் கீறிப் பார்த்துவிட்டு வந்தேன். அவர் என்னை எந்த வார்த்தையால் திட்டியிருப்பார் என்று தெரியாது, நான் திரும்பியதும் திட்டியிருப்பார். பலகை என்னவோ பிரமாதமாக வந்தது. கார்த்திகையில் அதைப் பூட்டினேன். மீட்டர்களை ஓட்டைகளில் உட்கார வைத்தேன். நம்பர் பார்த்து ஒயர்களைக் கொடுத்தேன். பேட்டரியை இணைத்துச் சுவிட்சைத் திருகினேன்.

பெட்ரோல் மீட்டர் அசையவில்லை. மீட்டருக்கு வெளிச்சம் காட்டும் இரண்டு குட்டி பல்பும் எரியவில்லை.

ஒயரைச் சந்தேகப்பட்டேன். எல்லாவற்றையும் கழற்றிப் பூட்டினேன். பல்பைச் சந்தேகப்பட்டேன். பல்பை நேரே பேட்டரியில் வைத்தால் எரிந்தது. கடைசியில், போகிறவன் காரிலும் ஏதோ செய்து வைத்துவிட்டுத்தான் போயிருக்கிறான் என்று முடிவு கட்டினேன். இரண்டு நாள் இப்படிப் போயிற்று. மூன்றாம் நாள், ஒரு திருகாணியை இறுக்கும்போது ஸ்க்ரூ டிரைவர் நழுவிக் குறுக்காக விழுந்தது. ஒரு முனை மீட்டரின் இரும்பு முதுகில், நடுப்பகுதி ஸ்டியரிங்கின் இரும்புத் தண்டில். பல்புகள் எரிந்தன. பெட்ரோல் முள் எழுந்து பாதிவரை போயிற்று. எடுத்தேன், அணைந்தது. வைத்தேன், எரிந்தது.

எர்த்து! மின்சாரம் வந்த வேலையை முடித்துவிட்டுத் திரும்பிப் போக வழி வேண்டும். காரில் இரும்பு உடம்புதான் அந்த வழி. ஸ்டோரில் எல்லாமே இரும்பின்மேல் இரும்பு, அதனால் நான் அதைப் பற்றி யோசித்ததே கிடையாது. இங்கே மீட்டர்கள் பலகையில் உட்கார்ந்திருக்கின்றன. பலகைக்குள் மின்சாரம் போகாது. மீட்டரின் முதுகிலிருந்து காரின் இரும்புக்கு ஏதாவது ஒன்றைப் பூட்ட வேண்டும். ஒரு சாண் நீளத்தில், இரண்டு முனையிலும் திருகாணிக்கு ஓட்டை போட்ட, ஒரு செம்புத் தகடு.

மூலையில் கிடந்த பழைய பலகையைப் புரட்டினேன். மீட்டர் ஓட்டையிலிருந்து விளிம்புவரை விரல் அகலத்துக்குப் பச்சைக் களிம்புத் தடம். நடுவில் தடம் இல்லை, நூல் சுற்றியிருந்த இடம். மற்ற ஒயரில் படாமல் இருக்க நூலைச் சுற்றி, நூல் அவிழாமல் இருக்க அரக்கை விட்டிருக்கிறார் மனிதர். அப்போ முடி? வெளியே போட்டிருந்த சீட்டின் கிழிந்த மூலையிலிருந்து கற்றையாகத் துருத்திக்கொண்டிருந்தது. கறுப்பு, நீளம், சுருட்டை. சீட்டுக்குள் அடைத்த குதிரை முடி, அரக்கு ஆறுவதற்குள் அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

குதிரை முடியைக் காட்டி என் தங்கைக்கு மந்திரித்த தண்ணீர் கொடுத்திருக்கிறேன். தலையில் அடித்துக்கொண்டேன்.

அன்றைக்கே பசறைக்குப் பஸ் ஏறினேன். தங்கையிடம் சொல்லவில்லை. அவரைச் சமாதானப்படுத்திக் கையோடு கூட்டி வந்துவிட்டால் நான் சொன்ன பொய்கள் யாருக்கும் தெரியாமல் போய்விடும் என்று ஒரு கணக்கு. சந்தையை ஒட்டி பஸ்ஸை நிறுத்திவிட்டு, சக்கரத்தைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார் டிரைவர். என்னைப் பார்த்தும் தட்டுவதை நிறுத்தவில்லை. விஷயத்தைச் சொன்னேன். கேட்டதும் தட்டுவதை நிறுத்தினார்.

"அதுவா? அந்தத் தகடா?" என்றார். "பழைய துரை காலத்துல மீட்டர் வேல செய்யலன்னு நான் போட்ட எர்த்துங்க அது. ஸ்டோர் மூலையில கெடந்த தகடு. தேயிலைப் பெட்டிக்கு நம்பர் அடிக்க வெட்டுவாங்களே, கோடு போட்டு நம்பர் கீறிட்டு, சரியா வரலன்னு ஒதுக்கிப் போட்டது. அதத்தான் அன்னைக்குச் சொல்ல வந்தேன், பார்த்துக் கழட்டுங்கன்னு. துரை ஹார்ன் அடிச்சிட்டாரு."

நான் நாள் தவறாமல் நடந்து போகிற மூலை அது. அந்தத் தகடுகள் என் கால் பட்டே நூறு தடவை சத்தம் போட்டிருக்கும்.

"தப்பு என்மேலதான். வாங்க, தையிலேயே வச்சுக்கலாம்" என்றேன்.

"நீங்க நெனச்சதுல எனக்குக் கோவமில்ல மச்சான். லயத்துல யாரு பாத்திருந்தாலும் அப்படித்தான் நெனச்சிருப்பாங்க. ஆனா அது, உங்க தங்கச்சி, என்னய ஒரு வார்த்தை கேக்காம சேலையத் திருப்பி அனுப்பிச்சே. அத என்னால தாங்க முடியல. வேணும்னா அது வந்து என்கிட்ட சொல்லட்டும்."

சேலையை அனுப்பியது அவளில்லை, நான்தான் என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன், மூடினேன். நேரமாகிவிட்டதென்று யாரோ கூப்பிட, அவர் பஸ்ஸில் ஏறிக்கொண்டார். நான் சந்தையில் நின்றேன். அடுத்த நான்கு நாள் அதே கோழைத்தனத்தோடு வீட்டில் சோறு தின்றேன்.

நாற்பத்தெட்டாம் நாள் தங்கை தண்ணீரைக் குடித்தாள், டம்ளரைக் கவிழ்த்தாள், அரிவாள்மணையில் கயிற்றை வைத்து அறுத்தாள்.

"முடிஞ்சிதா? எனக்கு இன்னும் அப்படியேதான் இருக்கு. ஒரு துளி குறையல. கோவத்துல போயிட்டாரு, நீ போய்க் கூட்டிட்டு வா."

ரொட்டி தட்ட உட்கார்ந்தாள். நான் அடுப்புக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். எர்த்து, குதிரை முடி, பெட்டித் தகடு. அதெல்லாம் கடகடவென்று வந்தது. அவள் முகம் மலர்ந்துகொண்டே போயிற்று. "எனக்குத்தான் தெரியும்ல!" என்று சிரிக்கக்கூடச் செய்தாள். அப்புறம் மீதியைச் சொன்னேன். சேலையை அவர் கேட்கவில்லை, நான்தான் எடுத்துக் கொடுத்தேன். நீ வேண்டாமென்று சொன்னதாகச் சொன்னேன்.

மாவில் கை அப்படியே நின்றது.

"என்னயப் பாக்கணும்னு கேட்டாரா?"

"கேட்டாரு. மூணு தடவ."

கல்லில் கிடந்த ரொட்டி கருகி லயமெல்லாம் புகை. அவள் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. அழுதாள். எங்கள் அப்பா செத்தபோதுகூட அப்படி அழுது நான் பார்த்ததில்லை. பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சொன்னாள்.

"அவரத் தகடு வச்சவர்னு நெனச்ச. போகட்டும். தகடு வச்சாத்தான் எனக்கு ஒருத்தரப் பிடிக்கும்னு நெனச்சியே. கூடவே பொறந்தவன், என்னய என்னன்னு நெனச்ச நீ?"

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அவளே தனியாகப் பசறைக்குப் போனாள். நான் வருகிறேன் என்றேன், வேண்டாம் என்றாள். பொழுதெல்லாம் வாசலில் நின்றேன். அவர் மறுத்துவிட்டால் இவள் என்ன ஆவாள் என்று பாதையை எட்டி எட்டிப் பார்த்தேன். சாயங்காலம் மழையில் நனைந்துகொண்டே ஏறி வந்தாள். கக்கத்தில் காகிதப் பொட்டலம். ஓர் ஓரம் நனைந்து கத்தரிப்பூ நிறம் தெரிந்தது.

"தையிலதான். மாத்தமில்ல" என்றாள்.

"அப்பாடா" என்று திண்டாட்டமெல்லாம் தீர்ந்தவனாக உட்காரப் போனேன்.

"உக்காராத. இன்னும் முடியல. இந்தத் தோட்டத்துல அம்புட்டுப் பேரும் என்னய வசியத்துக்கு மயங்கினவளுன்னுதான் பேசறாங்க. தண்ணிப் பீலியில குடத்த வச்சா ஒதுங்கி நிக்கிறாங்க. நாளைக்குப் பெரட்டுல வந்து நீ சொல்லணும். அவரு தகடு வைக்கலங்கறது மட்டுமில்ல. என்னயப் பத்தியும் சொல்லணும், உன்னயப் பத்தியும் சொல்லணும். சொல்லாட்டி மணவறையில எனக்கு அண்ணன்னு யாரும் நிக்க வேணாம்."

பெரட்டு என்றால் தோட்டமே விடிகாலையில் வேலைக்குப் பேர் கொடுக்கக் கூடி நிற்கிற இடம். ஸ்டோர்க்காரனான எனக்கு அங்கே வேலையே கிடையாது. மறுநாள் நான் போய் நின்றதும் எல்லாத் தலையும் திரும்பிற்று. ஆண்கள் ஒரு பக்கம், கூடையைத் தலைக்குப் பின்னால் மாட்டிய பெண்கள் ஒரு பக்கம். கணக்கப்பிள்ளை பேர் கூப்பிட்டு முடித்ததும் கங்காணி எனக்குக் கையைக் காட்டினார்.

தகட்டைப் பற்றிச் சொல்வது சுலபமாக இருந்தது. பலகைக்குள் மின்சாரம் போகாது என்பதில் ஆரம்பித்து, பெட்டி நம்பர், சீட்டு முடி எல்லாவற்றையும் நன்றாக விளக்கினேன். இரண்டு பேர் தலையாட்டக்கூடச் செய்தார்கள். அதோடு நிறுத்திவிட்டுப் போயிருப்பேன். பெண்கள் வரிசையில் கடைசிக்கு முன்னால் நின்று தங்கை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

என் தங்கச்சி தன் மனசறிஞ்சுதான் அவருக்குச் சம்மதம் சொன்னா, யாரும் அவள மயக்கல, அவ பேரைச் சொல்லி ரெண்டு பக்கமும் பொய் சொன்னவன் நான்தான். இவ்வளவையும் சொல்லி முடித்தேன். என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

பிறகு பெண்கள் வரிசையிலிருந்து அவள் குரல் வந்தது.

"பின்னால இருக்கறவங்களுக்குக் கேக்கலண்ணே."

மறுபடியும் சொன்னேன்.